வியாழக்கிழமை டப்பா படம்

பெரிய டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. மகளோடு போய் இருந்துவிடுவதென்று முடிவாகியிருந்ததால், அவரும் அவர் மனைவியும் இரண்டு பெட்டிகளும் ஒரு பூந்தொட்டியுமாக மருத்துவமனை வாசலில் காருக்காக நின்றார்கள். தொட்டியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அங்கே டாக்டராக இருக்கும் என் அண்ணி சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பெரிய டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்பிப் போன கார் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, தொட்டியை மட்டும் படியில் இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் போனது.

அந்தத் தொட்டியோடு சேர்ந்து அண்ணியின் தலையில் வந்து இறங்கியது பயிற்சித் திட்டம்.

எங்கள் மருத்துவமனை பெரியது ஒன்றும் இல்லை. முன்பு வங்கியாக இருந்த கட்டிடம். பணம் எண்ணிய கண்ணாடிக் கூண்டுகளில் இப்போது மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள். மேலாளர் அறையில் தடுப்பூசி போடுகிறார்கள். மருத்துவக் கல்லூரி முடித்து, குடும்ப மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி எடுக்க விரும்பும் இளம் டாக்டர்கள் இங்கே மூன்று வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பயிற்சியைத் தொடங்கி நடத்தியவர் பெரிய டாக்டர். தலைமை மாறினால் மதிப்பீட்டுக் குழு புதிதாக வந்து, டாக்டர்களை உருவாக்க இது தகுந்த இடம்தானா என்று பார்த்தாக வேண்டும். தகுந்தது என்றால் பயிற்சி தொடரும். இல்லையென்றால் இப்போது பயிற்சியில் இருக்கும் மூன்று பேரையும் எங்கே இடம் காலியோ அங்கே பிரித்து அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு எங்கள் கட்டிடத்தில் நோய் பார்ப்பது மட்டும்தான் நடக்கும். யாரும் கற்றுக்கொள்ள வரமாட்டார்கள்.

அண்ணிக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை. "என் பசங்களை ஆளுக்கு ஒரு திசையா அனுப்பிடுவாங்களாம். அனுப்பட்டும் பார்க்கலாம்" என்று வீட்டில் பாத்திரங்களை அலம்பாமல் அடுக்கிவைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து அலம்பினான்.

அண்ணி முதலில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில்தான் சேர்ந்தார். ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். "எல்லாரையும் மயக்கம் போட வெச்சுடறாங்க. தூங்கறவங்ககிட்ட நான் என்னத்தைப் பேசறது?" என்று அதை விட்டுவிட்டு, பெரிய டாக்டரிடம் முதல் ஆளாக வந்து சேர்ந்துகொண்டார். அந்த நாட்களில் உறவுக்காரர்கள் விசாரிப்பார்கள்.

"எதுலம்மா ஸ்பெஷலிஸ்ட்?"

"குடும்ப மருத்துவம், பெரியம்மா."

"அது சரி. ஸ்பெஷல் எதுல?"

என் பெரியம்மா இன்னமும் தன் தோழிகளிடம் அண்ணியை இதய மருத்துவர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். குடும்பம் என்றால் அதில் இதயமும் அடக்கம்தானே என்பது அவர் கட்சி.

அண்ணியின் பேச்சு வேகம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இரண்டு மாடி ஏறி நின்று யோசிப்பான். அதற்குள் அண்ணி அதை முடித்துக் கீழே இறக்கிவிட்டிருப்பார். "நான் என்ன சொல்ல வந்தேன்னு உங்க அண்ணி சொன்னாத்தான் எனக்கே தெரியும்" என்பான். அவர்கள் இருவருக்கும் அது ஒத்துப்போயிற்று. நோயாளிகளுக்கு ஒத்துப்போகவில்லை. வலியைச் சொல்ல வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் மருந்தோடு வெளியே வந்து நின்றார்கள்.

இது அண்ணிக்கே தெரிந்திருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் டப்பா படம்.

குடும்ப மருத்துவம் கற்பிக்கும் இடங்களில் டாக்டரும் நோயாளியும் பேசுவதை, நோயாளியின் சம்மதத்தோடு, படம் பிடிப்பது வழக்கம். பிறகு ஆசிரியர் அதைப் போட்டுக் காட்டி மாணவரின் தவறுகளைச் சொல்வார். அண்ணி இதைத் தலைகீழாக்கினார். வியாழக்கிழமை மதியம் முதலில் ஓடுவது அவருடைய படம். அதுவும் அந்த வாரத்திலேயே படுமோசமானது. பயிற்சி மருத்துவர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிய பிறகுதான் அவர்களுடைய படங்கள் வரும். அண்ணி நோயாளியைக் குறுக்கே வெட்டிப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் மேசையைப் பேனாவால் தட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்தான். நாளடைவில் அது வியாழக்கிழமையைத் தாண்டிப் போய்விட்டது. நடைபாதையிலோ சாப்பாட்டு மேசையிலோ அண்ணி யார் பேச்சிலாவது குறுக்கே விழுந்தால், பக்கத்தில் இருப்பவர் கையில் அகப்பட்டதை எடுத்து டொக்கென்று தட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்.

டப்பா படம் என்று பெயர் வைத்தது பயிற்சி மருத்துவர்களில் ஒருவன். ரத்த அழுத்தம் பார்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பதால் அவனுக்குப் பாட்டு என்று பெயர். இன்னொருத்தி எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள், அவள் கேள்வி. மூன்றாமவள் கைக்குழந்தைக்காரி. குழந்தையை வரவேற்பறையில் கூடையில் போட்டுவிட்டு நோயாளி பார்ப்பாள். அவளை எல்லோரும் குட்டியம்மா என்று கூப்பிட்டார்கள்.

நான் அப்போதுதான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். "நீ ஒரு இடத்துல உக்கார மாட்ட. அதனால ஓடற வேலையாத் தர்றேன்" என்று அண்ணி என்னை மதிப்பீட்டு ஏற்பாடுகளுக்கு அமர்த்திக்கொண்டார். அட்டவணை, நாற்காலி, தேநீர், சாவி எல்லாம் என் பொறுப்பு.

குழு வருவதாகச் சொன்ன நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. அண்ணி அட்டவணையை எடுத்து, மதியம் டப்பா படம் என்றிருந்ததை அடித்துவிட்டு, உயர் ரத்த அழுத்தம் குறித்த விரிவுரை என்று எழுதி, அதைக் காலைக்கு மாற்றினார்.

"ஏன் அண்ணி?"

"தலைமையே தப்புத் தப்பா பண்ணுதுன்னு நாமளே போஸ்டர் அடிச்சு ஒட்டணுமா? விரிவுரைன்னா கௌரவமா இருக்கும்."

அதே வாரம் மாடிப்படியில் பயிற்சி மருத்துவர்கள் மூவரும் கூடி நின்று வேறொரு முடிவு எடுத்தார்கள். மதிப்பீட்டாளர்கள் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும்போது ஒரு குறைகூடச் சொல்வதில்லை. கேள்வி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அந்த ரெண்டாவது அறையில காத்தே வராது. அதையாவது சொல்லலாமா?"

"வாயைத் திறந்தே, உன்னை எல்லைக்கு அந்தப் பக்கம் மாத்திடுவாங்க" என்றான் பாட்டு. "எல்லாம் நல்லா இருக்கு, அவ்வளவுதான். எங்க, சொல்லு."

"எல்லாம் நல்லா இருக்கு."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு."

குழுவில் இரண்டு பேர். தலைவர் உயரமான மனிதர். எதைக் காட்டினாலும் "ம்" என்பார். அவருடன் வந்த பெண் மருத்துவர் பேசவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். காலை விரிவுரையில் அண்ணி செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரே தொனியில் படித்தார். பயிற்சி மருத்துவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். தலைவர் "ம்" என்றார். அதற்குப் பிறகு மூவரையும் ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

சாப்பாட்டுக்கு முன்னால் தலைவர் அண்ணியின் அறைக்கு வந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க பசங்க மூணு பேர்கிட்டயும் பேசினேன், டாக்டர்."

"நல்ல பிள்ளைங்க சார்."

"குறைன்னு ஒண்ணுகூட இல்லையாம். கைக்குழந்தை வெச்சிருக்கற டாக்டர்கூட தூக்கம் பத்தலைன்னு சொல்லல. மூணு பேரும் ஒரே வார்த்தை, ஒரே சிரிப்பு." அவர் கோப்பையை எடுத்தார், குடிக்கவில்லை. "குறையே இல்லாத இடங்களை நான் முன்னாடியும் பார்த்திருக்கேன். அங்கெல்லாம் பசங்க பயந்துபோய் இருந்தாங்க. டாக்டர்கள் பயந்துகிட்டே கத்துக்கற இடத்துக்கு நாங்க அங்கீகாரம் தர்றதில்லை. நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்."

அவர் போன பிறகு அண்ணி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"என்னைப் பார்த்தா பயமாவா இருக்கு?"

"உங்களைப் பார்த்து அண்ணன்கூடப் பயப்பட மாட்டான், அண்ணி."

"உங்க அண்ணன் லிஃப்ட் கம்பியில தொங்கறவர். அவர் கணக்குல வரமாட்டார்."

நான் நேராக அந்த மூவரிடமும் ஓடி விஷயத்தைச் சொல்லிவிடப் பார்த்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மதிப்பீடு முடியும்வரை, விசாரணையில் என்ன பேசப்பட்டது என்று பயிற்சி மருத்துவர்களிடம் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. "விதின்னா விதி. அவங்களை அழைச்சு, என்னைத் திட்டுங்கப்பான்னு சொல்லிக்குடுத்துட்டா அப்புறம் அது என்ன மதிப்பீடு? வா, சாப்பிடலாம்."

சாப்பாடு பெட்டக அறையில். வங்கி இருந்த காலத்தில் பணம் பூட்டிவைத்த அறை அது. ஜன்னல் கிடையாது; கதவு ஒரு முழம் தடிமன் இரும்பு. நீளமான மேசை போட இடமிருந்ததால் பாடம், படம், சாப்பாடு எல்லாம் அங்கேதான். தலைவர், பாவம், சூழலை இலகுவாக்க ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார்.

"நான் முதன்முதல்ல வேலைக்குச் சேர்ந்த ஊர்ல ஒரு வயசானவர் தினமும்—"

"மாத்திரையை மாத்திப் போட்டுக்கிட்டாரா?" என்றார் அண்ணி. பதற்றத்தில் வேகம் இரட்டிப்பாகியிருந்தது.

டொக்.

"இல்ல, அவர் தினமும் சாயங்காலம் வந்து—"

"தனியா இருந்தாரா? பேச ஆள் இல்லாம வந்திருப்பார்."

டொக். டொக்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "யாரோ கதவைத் தட்டறாங்க போல."

அந்தக் கதவை வெளியே நின்று சம்மட்டியால் அடித்தாலும் உள்ளே கேட்காது. பாட்டு பேனாவை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டான். குட்டியம்மா தன் கரண்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். காலையிலிருந்து வாய் திறக்காத பெண் மருத்துவர் அப்போதுதான் பேசினார்.

"கதவு இல்ல சார். இவங்கதான் தட்டறாங்க. காலையில நடைபாதையிலயும் தட்டினாங்க. டாக்டர் குறுக்க பேசறப்போ மட்டும்."

எல்லோரும் கேள்வியைப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்க மட்டும்தான் வரும், பொய் சொல்ல வராது. டப்பா படத்தின் கதை முழுவதையும் அவள் சொல்லிவிட்டாள். எங்கே தட்ட வேண்டும், யார் வைத்த சட்டம், போன மாதம் ஒரே படத்தில் தட்டித் தட்டிப் பாட்டின் பேனா முனை உடைந்தது வரைக்கும். அண்ணி கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ம்" என்றார் தலைவர். பிறகு, "இதை ஏன் அட்டவணையில போடல?"

"பார்த்தா பாடம் மாதிரி இருக்காது சார். எல்லாரும் சிரிப்பாங்க."

"இந்த வாரப் படம் இருக்கா?"

"இருக்கு சார். ரொம்ப மோசம்."

"போடுங்க."

ஆனால் உடனே போட முடியாது. நோயாளி கொடுத்த சம்மதம் மருத்துவமனைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். படத்தில் இருந்தவர் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். பெட்டக அறையில் கைபேசி எடுக்காது என்பதால், அண்ணி மேசைத் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, மதிப்பீடு, விதி, சம்மதம் என்று மூச்சுவிடாமல் விளக்கினார். தையல்காரம்மாவுக்கு மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி உரத்த குரல். ரிசீவரைத் தாண்டி எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தாராளமாக் காட்டுங்க டாக்டர். அன்னிக்கு அதுல நான் எங்க பேசினேன்? எல்லாம் நீங்கதானே பேசினீங்க."

டொக் என்று தட்டியது யார் என்று பார்த்தேன். பெண் மருத்துவர்.

படம் ஓடியது. தையல்காரம்மா உள்ளே வந்து, தோள் வலிக்கிறது என்றார். அதோடு அவருடைய வசனம் முடிந்தது. எத்தனை நாளாக, எந்தக் கை, இரவில் புரண்டு படுத்தால் வலிக்கிறதா என்று அண்ணி கேட்டு, பதிலையும் தானே சொல்லி, எழுந்து நின்று தோளைச் சுழற்றும் பயிற்சியையும் செய்துகாட்டினார். கடைசியில் தையல்காரம்மா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்று, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்றார். "மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடணும், கவலைப்படாதீங்க" என்றார் அண்ணி, கணினியைப் பார்த்துக்கொண்டே. தையல்காரம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள் கேள்வி. "மேடம், கதவுகிட்ட எவ்வளவு நேரம் நிக்கறாங்க பாருங்க. நீங்க நிமிரவே இல்ல."

"வெளியில கூட்டம் காத்துட்டு இருந்ததுப்பா."

டொக்.

"இது நோயாளி இல்ல, என்னோட சமாதானம். இதுக்கும் தட்டறியா?"

"சமாதானத்துக்கு ரெண்டு தட்டு" என்றான் பாட்டு, இன்னொன்றையும் தட்டிவிட்டு. "தோள் வலிக்கு வர்றவங்க தலையை இவ்வளவு அழகா வாரி, புதுச் செருப்புப் போட்டுட்டு வருவாங்களா? வேற ஏதோ விஷயம் இருக்கு மேடம்."

"செருப்பைப் பார்க்கறியாக்கும்" என்றாள் குட்டியம்மா. "போன வாரம் உன் படத்துல அந்தப் பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கார், நீ பாட்டு முணுமுணுத்துட்டு இருந்தே."

"அது சோகப் பாட்டுதான்."

"மேடம், இவனை முதல்ல தட்டுங்க."

விருந்தாளிகள் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. யார் எங்கே தவறினார்கள் என்று மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணி நடுவில் கையெடுத்துக் கும்பிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்; தோள்கள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"சரி, அவங்க என்னதான் சொல்ல வந்தாங்க?" என்று கேட்டார் பெண் மருத்துவர்.

யாருக்கும் தெரியாது. அண்ணி மறுபடியும் தொலைபேசியை எடுத்தார்.

"நான்தாம்மா. அன்னிக்குக் கதவுகிட்ட நின்னு இன்னொண்ணுன்னு சொன்னீங்களே, அதைக் கேக்காம அனுப்பிட்டேன். இப்ப சொல்றீங்களா?"

இந்த முறை தையல்காரம்மாவின் குரல் வெளியே கேட்கவில்லை. தணிந்து பேசினார் போலிருக்கிறது. அண்ணி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். அவர் உதடுகள் இரண்டு மூன்று முறை பிரிந்தன. ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றிப் பேனாக்கள் உயர்ந்தன, தலைவருடையதும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் அண்ணி வாயை மூடிக்கொண்டார். பேனாக்கள் அந்தரத்திலேயே நின்றன. அந்தப் பக்கம் பேசி முடிந்த பிறகும் அண்ணி சற்றுப் பொறுத்தார், இன்னும் ஏதாவது வருமோ என்று.

"இங்க இருக்கறவங்ககிட்டச் சொல்லலாமாம்மா?... சரி. நாளைக்குக் காலையில வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க."

வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கண்கள் பளபளத்தன.

"அந்தம்மா கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. நம்ம எதிர்ல சாவி செய்யறாரே, அவரை. இந்த வயசுல கல்யாணம்னா உடம்புல என்னென்ன பார்த்துக்கணும்னு கேக்க வந்திருக்காங்க. தோள் வலி சும்மா, உள்ளே வர ஒரு சாக்கு. ஊருக்கே சொல்லிட்டேன், உங்ககிட்டதான் சொல்ல முடியலைங்கறாங்க. நான் தோளைச் சுத்தச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"தப்பில்ல மேடம்" என்றான் பாட்டு. "கட்டிப்பிடிக்கத் தோள் நல்லா இருக்கணும்ல."

குட்டியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சிரிப்புச் சத்தத்தில், வரவேற்பறைக் கூடையில் தூங்கிய குழந்தை விழித்திருக்கும், கதவு மட்டும் அவ்வளவு தடிமனாக இல்லாவிட்டால்.

அதன் பிறகு தலைவர் மூன்று பேரையும் மறுபடியும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். பழைய காசாளர் கூண்டில் உட்கார்ந்து பேசினார்கள். கண்ணாடி வழியே உருவம் தெரியும், பேச்சு கேட்காது. கேள்வி இரண்டு கைகளாலும் காற்று வராத அறையை வரைந்துகாட்டினாள். குட்டியம்மா விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கை விரல்களும் போதவில்லை, மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். பாட்டு எழுந்து நின்றே பேசினான். பெண் மருத்துவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

அண்ணி என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத் திட்டறாங்க போல இருக்கே" என்றார், பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்க்கும் தாய் மாதிரி. "குழந்தைங்களைப் பார்க்க வாய்ப்பே கம்மின்னு சொல்லியிருப்பா. நிஜம்தான். ராத்திரிப் பணி அதிகம்னு சொல்லியிருப்பான். அதுவும் நிஜம்தான்."

கிளம்பும்போதும் தலைவர் பிடிகொடுக்கவில்லை. முடிவை முழுக் குழுவும் கூடித்தான் எடுக்கும், நாளாகும் என்றார். அண்ணி ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

நாளாயிற்று. தையல்காரம்மாவின் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்விட்டு வந்தோம். சாவிக்காரர் மருத்துவமனைக் கதவுகளுக்கெல்லாம் இலவசமாக எண்ணெய் போட்டுத் தந்தார். வெயில் காலம் வந்து போனது. இரண்டாவது அறைக்கு அண்ணன் வந்து காற்றாடி மாட்டிவிட்டுப் போனான். குட்டியம்மாவின் குழந்தை கூடையிலிருந்து தானாக இறங்கப் பழகியது. "அனுப்பினாலும் அனுப்பட்டும்" என்று அண்ணி ஒரு நாள் சொன்னார். ஆனால் அன்றைக்கும் பாத்திரங்களை அலம்பாமல்தான் அடுக்கினார்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு காலை நேரம், வரவேற்பு மேசைக் கணினியில் அந்தச் செய்தி வந்தது. நான் படித்தேன். கேள்வியைக் கூப்பிட்டேன். அவள் மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். நால்வரும் அண்ணியின் அறைக்கு ஓடினோம். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தன் முழங்கால் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்; வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்திருப்பார் போல. எல்லா வார்த்தையும் கேட்காவிட்டாலும் அந்த ஒரே குரல் நிற்காமல் வந்தது.

"தட்டலாமா?" என்றான் பாட்டு.

"அதெப்படி? நாமளே குறுக்க விழறதா?" என்றாள் குட்டியம்மா.

காத்திருந்தோம். கடைசியில் கதவு திறந்தது. நாங்கள் பாய்ந்தோம். ஓட்டுநர் வாசலில் நின்று யோசித்து, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்று திரும்பி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. "உக்காருங்க ஐயா, சொல்லுங்க" என்ற அண்ணியின் குரல் கேட்டது. பாட்டு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தான்.

இன்னொன்றும் சொல்லி முடித்து ஓட்டுநர் போன பிறகுதான் அண்ணி வெளியே வந்தார். எங்கள் நான்கு முகங்களையும் பார்த்தார். எப்போதும்போல் முந்திக்கொண்டு எதையும் சொல்லவில்லை; கையை மட்டும் நீட்டினார். அச்சிட்டு எடுத்துவந்த தாளை நான் அந்தக் கையில் வைத்தேன்.

"தலைமை மாற்றத்தை ஒட்டி நடந்த மதிப்பீட்டின் முடிவு. குடும்ப மருத்துவச் சிறப்புப் பயிற்சியைத் தங்கள் மருத்துவமனையில் தொடர முழு அங்கீகாரம் வழங்கப்படுகிறது. பயிற்சி மருத்துவர்கள் அச்சமின்றித் தெரிவித்த குறைகள் நான்கு பக்கங்களில் இணைக்கப்பட்டுள்ளன, அவற்றைச் சரிசெய்யவும். வியாழக்கிழமை மதிய நிகழ்ச்சியை அட்டவணையில் அதன் பெயரிலேயே சேர்க்கவும்."